பிள்ளையாரை ஏன்யா ஆர்.டி.ஓ ஆபீசுக்கு இழுக்கறீங்க?

சித்தூர் பக்கம் பழக்கம் உள்ளவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். கொடுக்கல் வாங்கல்ல தகராறு முத்திப்போச்சுன்னா கடைசியா ஒரு டயலாக் வரும். "காணிப்பாக்கம் வர்றியா? சத்தியம் பண்றியா?" கிணத்துக்குள்ள சுயம்புவா இருக்கிற வரசித்தி விநாயகர். குளத்துல முங்கி எழுந்து அவர் முன்னாடி பொய் சொன்னா சும்மா விடமாட்டார்ங்கறது அந்தச் சீமையோட நம்பிக்கை. அரசியல்வாதிங்க கூட ஒருத்தரை ஒருத்தர் அங்கே வரச் சொல்லி சவால் விடுவாங்க.

நான் வேலூர்க்காரன். துபாய்ல ஒரு பேங்க்ல குப்பை கொட்டிக்கிட்டு இருந்தாலும், லீவுல ஊருக்குப் போனா காணிப்பாக்கம் போகாம திரும்பினதில்லை. இதை முதல்லயே சொல்லிடறேன். பின்னாடி என்னை நாத்திகன்னு யாரும் திட்டக்கூடாது :)

மேட்டருக்கு வருவோம். காட்பாடியில இருக்கிற என் கல்லூரி நண்பன் செகண்ட் ஹேண்ட் கார் தேடிக்கிட்டு இருந்தான். சித்தூர்ல ஒரு ஸ்விஃப்ட் மாட்டுச்சு. ஏபி 03 நம்பர், ஒரே ஓனர். "லோன் எல்லாம் முடிஞ்சுபோச்சு. வேணும்னா காணிப்பாக்கத்துல வந்து சத்தியம் பண்றேன்"னு ஓனர் சொல்ல, நம்மாளு உருகிட்டான். "பிள்ளையார் மேலயே சத்தியம் பண்றேங்கறார்டா, இதுக்கு மேல என்னடா வேணும்?"னு எனக்கு போன். கையில அட்வான்ஸ் பணம் ரெடி.

ஆர்.சி.யை போட்டோ எடுத்து அனுப்புடான்னேன். பார்த்தா, ஹைப்பாதிகேஷன்ங்கற இடத்துல ஒரு பேங்க் பேர் இன்னும் உட்கார்ந்திருக்கு.

இதுல வேடிக்கை என்னன்னா, அந்த மனுஷன் பொய் சொல்லலை. கடனை நிஜமாவே கட்டி முடிச்சிருந்தார். ஆனா பேங்க்ல இருந்து என்.ஓ.சி.யும் ஃபார்ம் 35-ம் வாங்கி ஆர்.டி.ஓ ஆபீஸ்ல கொடுத்து அந்தப் பேரை நீக்கலை. கடைசி தவணை கட்டினதும் பேர் தானா போயிடும்னு நினைச்சுக்கிட்டு இருந்திருக்கார். அவர் பிள்ளையார் முன்னாடி நின்னு சத்தியம் பண்ணியிருந்தா, அது நூத்துக்கு நூறு உண்மையான சத்தியம். ஆனாலும் வண்டியை என் நண்பன் பேருக்கு மாத்த முடியாது. உண்மையான சத்தியமே உதவாதபோது பொய் சத்தியத்தைப் பத்திப் பேசவே வேணாம்.

என் கட்சி இதுதான். சாட்சியே இல்லாத இடத்துக்குத்தான் சாமி. களத்து மேட்டுல கைமாத்தா கொடுத்த பணம், ரெண்டு பேர் மட்டும் இருந்தப்போ கொடுத்த வாக்கு, இதுக்கெல்லாம் பிள்ளையாரைக் கூப்பிடலாம், நியாயம். ஆனா காருக்கு ஆர்.டி.ஓ.கிட்ட, பேங்க்ல, இன்சூரன்ஸ் கம்பெனியில, சர்வீஸ் சென்டர்லன்னு நாலு இடத்துல சாட்சி எழுத்துல இருக்கு. அதை எடுத்துப் பார்க்க சோம்பேறித்தனப்பட்டுக்கிட்டு சாமியைக் கூப்பிடறது பக்தி இல்லை. சாமிக்கே மரியாதைக் குறைவு.

பி.காம் படிச்ச புத்தி சும்மா இருக்குமா? ஜார்ஜ் அக்கர்லாஃப்னு ஒரு பொருளாதார அறிஞர் 1970ல பழைய கார் சந்தையை வெச்சே ஒரு கட்டுரை எழுதினார். 2001ல அவருக்கு நோபல் பரிசு கிடைச்சதுக்கு அதுதான் முக்கியக் காரணம். வண்டி நல்லதா ஓட்டையாங்கறது விக்கிறவனுக்குத் தெரியும், வாங்கறவனுக்குத் தெரியாது. அதனால வாங்கறவன் பயந்து ரெண்டுக்கும் நடுவுல ஒரு விலை சொல்றான். அந்த விலைக்கு நல்ல வண்டிக்காரன் விக்க மாட்டான், ஓட்டை வண்டிக்காரன் சந்தோஷமா விப்பான். கடைசியில சந்தையில ஓட்டைதான் மிஞ்சும்.

சத்தியம் இந்தச் சிக்கலைத் தீர்க்குமா? மோசமாக்கும். சாமிக்குப் பயந்தவன்தான் "எனக்குத் தெரியாம ஏதாவது இருந்துட்டா?"ன்னு யோசிச்சுத் தயங்குவான். பயமே இல்லாதவன் ரெண்டு முங்கு போட்டுட்டு தைரியமா சொல்லிட்டுப் போயிடுவான். நல்லவனை வெளியே தள்ளி கெட்டவனை உள்ளே விடற சல்லடை இது.

இன்னொண்ணு. பேப்பர் கேட்டா விக்கிறவங்களுக்குக் கோபம் வருது, "என்னை நம்பலையா?"ன்னு. ஐயா, அந்தப் பேப்பர் உங்களைக் காப்பாத்தத்தான்! 2018 பிப்ரவரியில சுப்ரீம் கோர்ட் கொடுத்த நவீன் குமார் எதிர் விஜய் குமார் தீர்ப்பைப் பாருங்க. ஒருத்தர் 2007லயே காரை வித்துட்டார். அது கை மாறி மாறிப் போச்சு. ஆர்.சி.யில பேர் மட்டும் மாறலை. 2009ல விபத்து, ஒரு குழந்தை செத்துப்போச்சு. வண்டிக்கு இன்சூரன்சும் இல்லை. நஷ்ட ஈடு யார் கட்டணும்? யார் பேர் பதிவுல இருக்கோ அவர்தான், அதாவது வித்துட்டுப் போனவர்தான்னு கோர்ட் சொல்லிடுச்சு. ஃபார்ம் 29, 30-ல வெறும் கையெழுத்தைப் போட்டு புரோக்கர் கையில கொடுத்துட்டு நிம்மதியாத் தூங்கறவங்க இதை ரெண்டு தடவை படிங்க. மோட்டார் வாகனச் சட்டம் 50-வது பிரிவு, அதே மாநிலத்துல வித்தா 14 நாளுக்குள்ள விக்கிறவர் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்கணும்னு சொல்லுது. வாங்கினவருக்கு 30 நாள்.

எல்லை தாண்டினா இன்னும் வேலை இருக்கு. சித்தூர் வண்டி காட்பாடிக்கு வரணும்னா ஆந்திரா ஆர்.டி.ஓ.கிட்ட ஃபார்ம் 28-ல என்.ஓ.சி. வாங்கணும். இது பேங்க் கொடுக்கிற என்.ஓ.சி. இல்லை, வேற. ரெண்டையும் குழப்பிக்காதீங்க. தமிழ்நாட்டுல திரும்ப வரி கட்டணும். அங்கே கட்டின வரியில மீதியைத் திருப்பி வாங்கறது தனி அலைச்சல். இந்தச் செலவைக் கணக்குல சேர்க்காம "சித்தூர்ல விலை கம்மி"ன்னு குதிக்கறதுல அர்த்தமே இல்லை.

இன்சூரன்ஸ்லயும் ஒரு குழி இருக்கு. வண்டி கைமாறினா மூணாம் மனுஷருக்கான காப்பீடு தானா கூட வரும். நம்ம வண்டிக்கு அடிபட்டா கிடைக்க வேண்டிய காப்பீடு அப்படி வராதுன்னு 1996லயே சுப்ரீம் கோர்ட் சொல்லியாச்சு. 14 நாளுக்குள்ள கம்பெனிக்கு எழுதிப் பேரை மாத்தணும். பழைய ஓனரோட நோ கிளெய்ம் போனஸ் அவரோடயே போயிடும்.

நான் இருக்கிற துபாய்ல என்ன நடக்குது? வண்டி டெஸ்ட்ல பாஸ் ஆகணும், அபராத பாக்கி இருக்கக்கூடாது, பேங்க் கடன் தீர்ந்திருக்கணும், வாங்கறவர் பேர்ல இன்சூரன்ஸ் இருக்கணும். அப்புறம்தான் புதுப் பேர்ல முல்கியா கைக்கு வரும். இங்கே யாரும் யாரையும் நம்பறதில்லை. அதனாலேயே யாரும் யாரோடயும் சண்டை போடறதில்லை. நம்மூர்லயும் சட்டம் இல்லாம இல்லை. பழைய வண்டி டீலர்கள் ஆர்.டி.ஓ.கிட்ட அங்கீகாரம் வாங்கணும்னு 2023 ஏப்ரல்ல இருந்து விதி இருக்கு. எத்தனை பேர் டீலர்கிட்ட அந்தச் சான்றிதழைக் காட்டுங்கன்னு கேட்டிருக்கோம்? கேட்கக் கூச்சப்படறோம், "நம்ம ஆளுதானே".

பேப்பர் பார்த்தாச்சுன்னா வண்டியைப் பாருங்க. டயர் பக்கவாட்டுல நாலு இலக்கம் இருக்கும். 2319னா 2019-ம் வருஷம் 23-வது வாரம் செஞ்சது. மீட்டர் கம்மியாக் காட்டுது, ஆனா சர்வீஸ் பில்லுல கிலோமீட்டர் அதிகம்னா கதை அம்பலம். சீட் பெல்ட்டை முழுசா இழுங்க, தரை விரிப்பைத் தூக்குங்க. சேறு, துரு இருந்தா வண்டி வெள்ளத்துல நின்னிருக்கலாம். 2015ல சென்னையும் 2021ல திருப்பதியும் மூழ்கினதை மறந்துடாதீங்க.

"ஊரையே சந்தேகப்படற பேங்க்காரன்"னு நண்பன் கிண்டல் பண்றான். இல்லப்பா. பேப்பர் கேக்கறது சந்தேகம் இல்லை. ரெண்டு பேரும் பின்னாடி ஒருத்தர் மூஞ்சியில ஒருத்தர் முழிக்கறதுக்கான ஏற்பாடு. சித்தூர்க்காரர் முதல்ல முறைச்சார், அந்தத் தீர்ப்பை எடுத்துச் சொன்னதும் ஃபார்ம் 35-க்கு அலைய ஆரம்பிச்சுட்டார். பேர் நீங்கற வரைக்கும் ஒத்த ரூபா அட்வான்ஸ் கிடையாதுன்னு நண்பனும் ஒத்துக்கிட்டான்.

காணிப்பாக்கம் தாராளமாப் போங்க. ஆர்.சி.யில பேர் மாறினதுக்கு அப்புறம் போங்க. சத்தியம் பண்ண இல்லை, வண்டிக்குப் பூஜை போட.