செத்த மாட்டை யார் தொடுவது?

கோமாரி கண்ட மாட்டைச் சந்தைக்கு ஓட்டாதே என்கிறது சட்டம். சரி. அடைப்பானில் செத்த மாட்டை அறுக்காதே என்கிறது மருத்துவம். ரொம்பச் சரி. செத்ததை முறைப்படி அப்புறப்படுத்து என்று மாட்டுக்காரனுக்குச் சொல்கிறது அதே சட்டம். இங்கேதான் எனக்குக் கேள்வி. மாட்டுக்காரன் எந்தக் காலத்தில் அப்புறப்படுத்தினான்? ஊருக்கு இதற்கு ஒரே பதில்தான் தெரியும்: 'சேரிக்கு ஆள் அனுப்பு.'

நோய்ப்பட்ட கால்நடையைக் கொண்டுபோவது, விற்பது பற்றிய விதிகளை நம் தோழர்கள் படிப்பதில்லை. கால்நடைத் துறைக்காரன் சமாச்சாரம் என்று விட்டுவிடுகிறோம். படித்தாக வேண்டும். நம் ஜனங்களின் உயிரும் பிழைப்பும் அதற்குள்ளே மாட்டிக்கிடக்கிறது.

விலங்குகளின் தொற்றுநோய்த் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் 2009இல் வந்தது. நோய் என்று சந்தேகம் வந்தாலே உடையவர் கிராம அதிகாரிக்கோ ஊராட்சிக்கோ தெரிவிக்க வேண்டும். நோய்ப்பட்டதைத் தனியே கட்ட வேண்டும். மாநில அரசு ஒரு வட்டாரத்தைக் கட்டுப்பாட்டுப் பகுதி என்று அறிவித்தால் அந்த இனத்துக் கால்நடை வெளியே போகக் கூடாது. அங்கே சந்தை கூடுவதையும் தடுக்கலாம். உயிரோடு இருப்பதற்கு மட்டுமல்ல இந்தத் தடை. செத்ததற்கும், அதன் தோலுக்கும், நோய்ப்பட்டது வாய் வைத்த தீவனத்துக்கும் உண்டு. மீறினால் முதல் தடவை 1000 ரூபாய் வரை அபராதம்.

இந்தச் சட்டத்துக்கு நான் எதிரி இல்லை. ஊர் ஊராக மாட்டுக் கொட்டிலைக் காலி செய்த வெக்கை நோய் 1995க்குப் பிறகு இந்தியாவில் தலைகாட்டவில்லை. 2011இல் உலகத்தை விட்டே ஒழிந்ததாக அறிவித்தார்கள். தடுப்பூசியும் கண்காணிப்பும் செய்த வேலை அது. சாமி செய்ததல்ல. அறிவியலை நாம் பகைத்துக்கொள்ள வேண்டியதில்லை. அறிவியல் ஊருக்குள் நுழையும்போது சாதியின் கையைப் பிடித்துக்கொண்டு நுழைகிறதே, அதைத்தான் கேட்கிறேன்.

சட்டத்தில் ஒரு வரி உண்டு. நோய்ப்பட்ட மாட்டைப் பொது நீர்நிலையில் தண்ணீர் குடிக்க விடக் கூடாது. நியாயம்தான். நோய் தீர்ந்தால் மாடு திரும்பவும் குளத்தில் இறங்கலாம். ஒரு நோயும் இல்லாத மனுசனைத் தலைமுறை தலைமுறையாகக் குளத்துக்கு வெளியே நிறுத்திய நாடு இது. ஆடுமாடு குடித்த மகாத் சவுதார் குளத்தில் தண்ணீர் அள்ள 1927 மார்ச் 20இல் அம்பேத்கர் படை திரட்ட வேண்டியிருந்தது. அதே மகாத் மாநாட்டில்தான் செத்த மாட்டை இழுப்பதையும் தின்பதையும் விட்டொழிக்கச் சொன்னார். தண்ணீரும் செத்த மாடும் ஒரே போராட்டத்தின் இரண்டு முனைகள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அடைப்பான் எப்படிப்பட்டது என்று பார்ப்போம். நேற்று மேய்ந்த மாடு இன்று காலை செத்துக் கிடக்கும். மூக்கிலும் வாயிலும் ஆசனவாயிலும் உறையாத ரத்தம் கசியும். அதை அறுத்தால் உள்ளே இருக்கிற கிருமிக்குக் காற்றுப் படும். காற்றுப் பட்டதும் கெட்டியான வித்தாக மாறி மண்ணில் பல பத்தாண்டு கிடக்கும். உரிக்கிறவன் கையில் சின்னக் கீறல் போதும். கொப்புளம் வரும், கறுத்த பொருக்குத் தட்டும். வைத்தியம் பார்க்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. மாட்டுக்குச் சொந்தக்காரன் திண்ணையில் இருப்பான். கத்தி பிடித்தவன் ஆஸ்பத்திரியில் கிடப்பான்.

இதோடு விட்டார்களா? 19ஆம் நூற்றாண்டில் வட இந்தியாவில் மாடுகள் கூட்டமாகச் செத்தபோது, தோலுக்காகச் சமார்கள் விஷம் வைத்தார்கள் என்று வெள்ளை அதிகாரிகள் எழுதிவைத்தார்கள். கொள்ளைநோய் கொன்றதற்கும் நம்மவன் மேல் பழி. 2016 ஜூலையில் குஜராத் ஊனாவில், செத்த மாட்டை உரித்த தலித் இளைஞர்களை வண்டியில் கட்டி அடித்தார்கள். எடுக்காவிட்டால் உதை, எடுத்தாலும் உதை. அதற்குக் குஜராத் தலித்துகள் சொன்ன பதில் நமக்குப் பாடம். சுரேந்திரநகரில் செத்த மாடுகளை அரசு அலுவலக வாசலில் கொண்டுபோய்க் கொட்டினார்கள். இனி நீங்களே எடுங்கள் என்றார்கள்.

2022இல் தோல் கழலை நோயில் நாடு முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேல் மாடுகள் செத்தன. ராஜஸ்தானில் மாட்டுச் சந்தைகளை நிறுத்தினார்கள். செத்தவை ஊர்ப்புறத்தில் மலையாகக் கிடந்த படங்களை எல்லோரும் பார்த்தோம். எத்தனை மாடு என்று கணக்கு வந்தது. அதை அள்ளிய கைகளுக்குக் கணக்கு உண்டா?

பிழைப்புக்கு வருகிறேன். நான் வங்கி எழுத்தர். கறவை மாட்டுக் கடன் மனுக்கள் என் மேசை வழியாகப் போகின்றன. நோய் வந்தால் சந்தை மூடும். தவணைத் தேதி மூடுமா? காப்பீடு கேட்டால் காதுத் தோடு எங்கே, டாக்டர் சான்று எங்கே என்பார்கள். தோடு இல்லையென்றால் பணமும் இல்லை. பத்து மாடும் நிலமும் உள்ளவன் ரெண்டு மாசம் தாங்குவான். ஒத்த மாட்டுக்காரி என்ன செய்வாள்? நோய் என்று சொன்னால் மாடு விலைபோகாது. சொல்லாவிட்டால் குற்றம். அந்த இடுக்கில் அவளைத் தள்ளிவிட்டு 'ஜனங்களுக்கு விழிப்புணர்வு இல்லை' என்கிறான் அதிகாரி.

இன்னொன்றையும் இதோடு போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. 2017 மே மாதம் மத்திய அரசு கொண்டுவந்த மாட்டுச் சந்தை விதிகள் நோயைத் தடுக்க வந்தவை அல்ல. சந்தையில் கறிக்கு மாடு விற்பதைத் தடுக்க வந்தவை. மதுரைக் கிளை உயர்நீதிமன்றம் தடை போட்டது, உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நாடு முழுக்க விரித்தது. நோயை மறிக்கும் விதி நமக்கு வேண்டும். நம் தட்டை மறிக்கும் விதி வேண்டாம்.

மாணவத் தோழர்களே, இரண்டு சட்டங்களைச் சேர்த்துப் படியுங்கள். ஒன்று 2009 சட்டம். இன்னொன்று 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த வன்கொடுமைத் தடுப்புத் திருத்தச் சட்டம். தலித்தைச் செத்த விலங்கை எடுக்கவோ சுமக்கவோ வைத்தால் குற்றம் என்கிறது அது. ஆறு மாதம் முதல் ஐந்து வருசம் வரை சிறை. ஒன்று 'அப்புறப்படுத்து' என்கிறது, மற்றது 'அவன் தலையில் கட்டாதே' என்கிறது. அப்படியானால் குழி தோண்டும் எந்திரமும் சுண்ணாம்பும் கையுறையும் ஊராட்சி கொண்டுவர வேண்டும். சந்தை மூடும் நாளிலேயே தவணையைத் தள்ளிப்போட வேண்டும். தடுப்பூசி முகாம் ஊர்த் தெருவோடு திரும்பாமல் சேரிக்குள்ளும் வர வேண்டும். இதை மனுவாக எழுதி கிராமசபையில் வையுங்கள். பதில் வரும்வரை வையுங்கள்.

அதற்கு முன்னால் சேரிக்கு ஆள் வந்தால் சொல்லி அனுப்புங்கள்: பால் கறந்தப்போ மாடு உங்களுது. செத்தாலும் உங்களுதுதான்.