கணினிக் கல்வி: ஒரு சமக்குறியா, இரு சமக்குறியா?



நம் இல்லத்துப் பிள்ளைகள் பலர் 'சி' மொழியைப் பயில்கின்றனர். "கம்பைலர் பிழை எதையும் காட்டவில்லை, விடை மட்டும் தவறாக வருகிறதே!" என்று அவர்கள் கலங்குவதுண்டு. பல வேளைகளில் அதற்குக் காரணம் ஒரு சிறு குறியே.

கடைக்கணக்கு ஒன்றைக் கொள்வோம். வாடிக்கையாளர் தரவேண்டிய தொகை 'பாக்கி' என்னும் மாறியில் உள்ளது. (விளக்கத்திற்காகப் பெயரைத் தமிழில் தருகிறோம்.) அது 0 ஆனால் 'கணக்குத் தீர்ந்தது' என அச்சிட வேண்டும். அதற்கு இஃப் (பாக்கி == 0) என்று எழுதுவதே முறை. மாணவரோ பள்ளிக் கணக்கின் பழக்கத்தால் இஃப் (பாக்கி = 0) என எழுதிவிடுகிறார்.

இரு சமக்குறிகள் 'சமமா?' என வினவும். ஒற்றைச் சமக்குறி வினவாது. வலப்புற மதிப்பை இடப்புற மாறியில் இட்டுவிடும். எனவே 500 ரூபாய் பாக்கி அக்கணமே 0 ஆகிறது. 'சி' மொழியில் 0 என்பது பொய். ஏனைய எண்கள் மெய். இட்ட மதிப்பு 0 ஆதலின் நிபந்தனை பொய்யாகிறது, அச்சும் வருவதில்லை. ஓசையின்றிக் கடன் அழிந்துபோகிறது!

இதனை எளிதாக எண்ணற்க. 2003 நவம்பரில் லினக்ஸ் மூலநிரலின் ஒரு நகலில் எவரோ இரண்டு வரிகளைப் புகுத்தினர். பயனரின் எண் 0 தானா எனச் சோதிப்பதுபோல் அது தோன்றியது. ஆயின் அங்கிருந்தது ஒற்றைச் சமக்குறி. லினக்ஸில் 0 என்பது முழு அதிகாரமுடைய பயனரின் எண். அந்நிரல் பரவியிருப்பின், வழியறிந்த சாதாரணப் பயனரும் கணினியை முழுதும் ஆளமுடிந்திருக்கும். நல்லவேளையாக, மூலத்தோடு நகல் ஒவ்வாததால் அது விரைவிலேயே கண்டறியப்பட்டு நீக்கப்பட்டது.

இன்னும் இரண்டு தவறுகளையும் கவனியுங்கள். இஃப் நிபந்தனையின் அடைப்புக்குறியை அடுத்து அரைப்புள்ளி இட்டால் நிபந்தனை அங்கேயே முடிந்துவிடும்; அடுத்த வரி எப்போதும் இயங்கும். ஃபங்ஷனுக்குள் அறிவிக்கும் சாதாரண மாறி தானாக 0 ஆகாது. 'மொத்தம்' என்னும் மாறிக்குத் தொடக்கத்திலேயே 0 கொடாமல் கூட்டினால் விடையை நம்ப இயலாது.

பரிகாரம் எளிது. (0 == பாக்கி) என எண்ணை முன்னே எழுதுங்கள்; ஒரு குறி விடுபட்டால் கம்பைலரே மறுத்துவிடும். எச்சரிக்கைகளைக் காட்டும் வசதியையும் இயக்கி, அவற்றை ஊன்றிப் படியுங்கள். எழுதியது எதுவோ அதையே கணினி செய்யும். எண்ணியதை அது அறியாது.