குவார்க் துகளின் நிறையைக் கண்டுபிடிப்புக்கு முன்பே சொல்ல முடியுமா? 15 ஆண்டு குழப்பமும் ஒரு கணக்கும்!

இரண்டு சார்ம் குவார்க், ஒரு டவுன் குவார்க் சேர்ந்த புதிய துகளைக் கண்டதாக, அமெரிக்காவின் ஃபெர்மி ஆய்வகத்தில் இயங்கிய ‘செலெக்ஸ்’ குழு 2002-ல் அறிவித்தது. நிறை: 3,519 மெகா எலக்ட்ரான் வோல்ட்.

2017 ஜூலையில் செர்ன் ஆய்வகத்தின் ‘எல்.எச்.சி.பி’ குழு அதன் உடன்பிறப்பைக் கண்டுபிடித்தது. டவுன் குவார்க்குக்குப் பதில் அப் குவார்க். அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் நிறை 3,621!

அப், டவுன் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே நிறை கொண்டவை. அதனால் இந்த உடன்பிறப்புகளுக்கு இடையே சில அலகுகள் வேறுபாடு இருக்கலாம். 100 அலகு இருக்க வாய்ப்பில்லை. அப்போ, யார் சொன்னது சரி?

கூட்டினால் போதாதா?

போதாது. புரோட்டானின் நிறை 938. அதற்குள் இருக்கும் மூன்று குவார்க்குகளின் நிறையைக் கூட்டினால் 10-ஐக்கூடத் தொடாது. மீதி சுமார் 99 சதவீதம், குவார்க்குகளைப் பிணைக்கும் வலு விசையின் ஆற்றலிலிருந்தும் அவற்றின் இயக்கத்திலிருந்தும் வருகிறது. அந்த விசையைக் கணக்கிடுவதுதான் பெரிய தலைவலி.

எப்படிக் கணிக்கிறார்கள்?

முக்கியமாக இரண்டு வழிகள். ஒன்று, ‘லேட்டிஸ்’ முறை. வெளியையும் காலத்தையும் கட்டம் கட்டமாகப் பிரித்து, சூப்பர் கம்ப்யூட்டரில் சமன்பாடுகளைத் தீர்ப்பது. 2008-ல் ஜெர்மனி, பிரான்ஸ், ஹங்கேரி விஞ்ஞானிகள் இப்படிக் கணக்கிட்ட புரோட்டானின் நிறை, சில சதவீதத் துல்லியத்தில் பொருந்தியது.

மற்றொன்று, குவார்க் மாதிரி. சுற்றியிருக்கும் விசையின் பங்கையும் குவார்க்கின் கணக்கிலேயே சேர்த்து, அதற்கு ஒரு ‘செயல் நிறை’ கொடுப்பார்கள். ஏற்கெனவே தெரிந்த துகள்களை வைத்து அந்த அளவை நிர்ணயிப்பார்கள்.

2014-ல் போட்ட கணக்கு

இஸ்ரேலின் மாரெக் கார்லினர், அமெரிக்காவின் ஜொனாதன் ராஸ்னர் இருவரும் இரண்டாவது வழியில் போனார்கள். இரண்டு சார்ம், ஓர் அப் குவார்க்கின் செயல் நிறைகளைக் கூட்டினால் சுமார் 3,784. சார்ம் ஜோடியின் பிணைப்புக்காக 129 கழிக்க வேண்டும். குவார்க்குகளின் சுழற்சியால் வரும் திருத்தம், நிகரமாக இன்னொரு 28 கழிவு. விடை 3,627, பிழை 12 கூடவோ குறையவோ இருக்கலாம் என்றார்கள்.

மூன்று ஆண்டுகள் கழித்து வந்த 3,621 அந்த வரம்புக்குள் கச்சிதமாக உட்கார்ந்தது. 3,519 வெகு தொலைவில் நின்றது. அந்தத் துகளை பேபார், பெல் போன்ற மற்ற பரிசோதனைகளும் தேடிப் பார்த்துக் காணவில்லை.

முன்பே சொல்வது ஏன் முக்கியம்?

விடை தெரிந்த பிறகு கணக்கைச் சரிக்கட்டுவது சுலபம். இந்தத் துகளுக்கே பல மாதிரிகள் 3,500 முதல் 3,700 வரை விதவிதமாகச் சொல்லியிருந்தன. எண்ணையும் பிழை வரம்பையும் முன்பே எழுதிவைத்தால்தான், எந்த மாதிரி தேறுகிறது என்று தெரியும்.

1962-ல் முர்ரே ஜெல்மன் செய்ததும் இதுதான். 1,232, 1,385, 1,530 என்று ஏறக்குறைய சம இடைவெளியில் படி ஏறும் துகள்களைப் பார்த்து, அடுத்த படி சுமார் 1,680-ல் இருக்கும் என்றார். 1964-ல் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் ஒமேகா மைனஸ் சிக்கியது. இன்றைய அளவீட்டில் அதன் நிறை 1,672.

எங்கே சறுக்குகிறது?

2003-ல் ஜப்பானில் பெல் குழு கண்ட ‘எக்ஸ் 3872’, எளிய குவார்க் மாதிரி சொன்ன இடத்தில் வந்து நிற்கவில்லை. நான்கு குவார்க் இறுகிய துகளா, இரு துகள்கள் தளர்வாக ஒட்டிய ‘மூலக்கூறா’ என்ற விவாதம் 20 ஆண்டுகள் தாண்டியும் ஓயவில்லை.

விசையின் சமன்பாடு அரை நூற்றாண்டாகக் கையில் இருக்கிறது. ஆனால் குவார்க்குகள் எப்படியெல்லாம் கூட்டணி சேரும் என்பதை அது நேரடியாகச் சொல்லிவிடுவதில்லை. அதனால்தான் பொருந்தாத ஒவ்வொரு எண்ணும், பொருந்திய எண்ணைப் போலவே விஞ்ஞானிகளுக்கு முக்கியமாகிறது.