எழுத்துருவோடு நிற்பதோ?

தமிழ்க் கணிமையைப் பற்றிய மேடைகளில் மலேசியாவுக்குத் தனியிடம் உண்டு. அது வெறும் உபசாரப் புகழ் அன்று. 1985ஆம் ஆண்டில் முத்து நெடுமாறன் முரசு அஞ்சலை உருவாக்கியது இம்மண்ணில். 2001ஆம் ஆண்டின் தமிழ் இணைய மாநாடு கூடியது கோலாலம்பூரில். ஆப்பிள் நிறுவனத்தின் கருவிகளோடு வரும் தமிழ் எழுத்துருக்கள் சிலவும் அவர் வரைந்தவையே. இவற்றைப் பாராட்டாதவர் நன்றி மறந்தவர் ஆவர்.

ஆயினும் ஒன்று கேட்கவேண்டியுள்ளது. நாற்பது ஆண்டுகளாக அதே சாதனையைச் சொல்லி அதே கைத்தட்டலைப் பெற்றுக்கொண்டிருக்கும் சமுதாயம், எழுத்துருவுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று ஒரு நாளேனும் எட்டிப் பார்த்ததுண்டா? கணினியில் தமிழ் என்றால் திரையில் தமிழ் என்றே முடிவுகட்டியாயிற்று. திரையை இயக்குவது எது, அதனை இயக்குவதற்கும் அடியில் இருப்பது எது என்னும் வினாக்கள் தமிழில் எழுவதேயில்லை.

இதற்குச் சான்று தேடி வெகுதொலைவு செல்ல வேண்டியதில்லை. ‘செயலி’ என்னும் சொல் ஒன்றே போதும். கணினியின் மூளையாகிய சிலிக்கான் சில்லுக்குத் தமிழில் ஏற்பட்ட பெயர் அது. கைப்பேசி பெருகிய பின்னர், கைப்பேசியில் இறக்கிக்கொள்ளும் சிறு மென்பொருள்களுக்கும் அப்பெயரே வழங்கலாயிற்று. இன்று செய்தித்தாளிலும் வானொலியிலும் செயலி என்றால் பின்னதே பொருள். முன்னதோ ‘நுண்செயலி’ என்னும் பெயரோடு பாடநூலில் ஒதுங்கிக் கிடக்கிறது. ஒன்றின் பெயரை மற்றொன்று பறித்துக்கொண்டதை எவரும் உணரவில்லை. சில்லைப் பற்றித் தமிழில் பேசவேண்டிய தேவை எவருக்கும் நேராதபோது, எவ்வாறு உணர்வது?

கணினியை இயக்கியவுடன் நினைவகத்தில் வந்தமர்ந்து, நுண்செயலியின் நேரத்தைப் பணிகளுக்குப் பகிர்ந்தளித்து, நினைவகத்தைப் பங்கிட்டு, விசைப்பலகை, வட்டு, திரை ஆகியவற்றின் அழைப்புக்கெல்லாம் செவிசாய்க்கும் மென்பொருளே இயங்குதளத்தின் கரு. கெர்னல் என்பர், கருநிரல் எனலாம். ஏனைய மென்பொருள்கள் யாவும் அதன் தயவில் வாழ்பவை. அக்கருநிரலோ நுண்செயலியின் தயவில் வாழ்வது. எந்த நுண்செயலிக்கென அமைக்கப்பட்டதோ அதிலன்றி வேறு கட்டமைப்பில் அது ஓர் அடியும் நகராது.

பிரிக்ஃபீல்ட்ஸ் இரயில்வே குடியிருப்பிலும் செந்தூல் பட்டறையிலும் உழைத்த தலைமுறைக்கு இதனை விளக்குவது எளிது. கே.எல். சென்ட்ரல் நிலையத்தில் கே.டி.எம். வண்டி 1,000 மில்லிமீட்டர் தண்டவாளத்தில் ஓடுகிறது. அதே நிலையத்திலிருந்து புறப்படும் விமான நிலைய விரைவு வண்டியின் தண்டவாளம் 1,435 மில்லிமீட்டர். தமிழ்நாட்டின் அகலப்பாதையோ 1,676. பயணிக்கு இவ்வேறுபாடு தெரியவேண்டியதில்லை. அவனுக்கு இருக்கை கிடைத்தால் போதும். சக்கரம் கோப்பவனுக்கோ அதுவே முதற்பாடம். இந்நாட்டின் இரயில் எஞ்சின்களைக் கழற்றிப் பூட்டிய கைகளில் தமிழர் கைகள் எத்தனையோ. அவர்களின் பேரப்பிள்ளைகள் கணினியுலகில் பயணிகளாக மட்டுமே வளர்க்கப்படுகின்றனர்.

லினக்ஸ் இயங்குதளத்தின் மூலநிரல் எவரும் இலவசமாகப் பெற்றுப் படிக்கத் தக்கது. அதனுள் நுண்செயலிக் கட்டமைப்புகளுக்கெனத் தனியோர் அடைவு உண்டு. இன்டெல் வழிவந்த எக்ஸ்86, கைப்பேசிகளில் உறையும் ஆர்ம், அண்மையில் எழுந்த ரிஸ்க்-ஃபைவ், ஐ.பி.எம். பெருங்கணினிகளின் எஸ்390 என ஒவ்வொன்றுக்கும் அதில் ஓர் அறை. தொகுக்கத் தொடங்குமுன் ஒரு கட்டளையைத் தட்டினால் வினாப்பட்டியல் விரிகிறது. பல்லாயிரம் வினாக்கள், பெரும்பாலானவற்றுக்கு விடைகள் இரண்டோ மூன்றோதான். உள்ளேயே சேர்த்துவிடலாம், தனிக்கூறாக வைத்து வேண்டும்போது ஏற்றிக்கொள்ளலாம், அன்றி விட்டுவிடலாம். எந்த நுண்செயலிக் குடும்பம், எத்தனை மையங்கள், எந்த வலையட்டை, நினைவகத்தை எத்துணைப் பெரிய பக்கங்களாகப் பகுப்பது என்று அது கேட்டுக்கொண்டே செல்லும்.

இவ்வினாக்களை அற்பமென எண்ணுவோர் உளர். 2023ஆம் ஆண்டில் வந்த ராஸ்பெர்ரி பை 5 என்னும் சிறுகணினியோடு வழங்கப்பட்ட கருநிரல் நினைவகத்தை 16 கிலோபைட்டுப் பக்கங்களாகப் பகுத்தது. நெடுங்காலமாக 4 கிலோபைட்டே வழக்கம். அதனையே நம்பி எழுதப்பட்ட மென்பொருள்கள் சில அங்கே இடறி விழுந்தன. 4 கிலோபைட்டுக்கான கருநிரலை மாற்றி வைத்ததும் அவை எழுந்து நடந்தன. மாறியது ஒரே ஒரு வினாவுக்கான விடை.

பழைய கணினிகளின் கதை இதனினும் கூர்மையானது. 2003ஆம் ஆண்டில் வெளிவந்த முதல் பென்டியம் எம் நுண்செயலிகள் எண்ணற்ற மடிக்கணினிகளில் இருந்தன. 32 பிட் நுண்செயலி 4 கிகாபைட்டுக்கு மேற்பட்ட நினைவகத்தை எட்டுவதற்கு பி.ஏ.இ. என்னும் வசதி வேண்டும். அது தம்மிடம் உண்டென்று அந்தச் சில்லுகள் அறிவிப்பதில்லை. அம்மடிக்கணினிகள் ஏற்கும் நினைவகமே அவ்வளவு இராது. ஆகவே அவ்வசதியால் அவற்றுக்கு ஆவதும் ஒன்றுமில்லை. எனினும் 2012 அக்டோபரில் வந்த உபுண்டு 12.10, அவ்வசதி இல்லாத நுண்செயலிக்கான கருநிரலை விட்டொழித்தது. திரை நலம், வட்டு நலம், சில்லும் நலம். ஆயினும் அவை அந்த இயங்குதளத்தை ஏற்க மறுத்தன. கடைக்காரர் ‘போர்டு போய்விட்டது, புதிது வாங்குங்கள்’ என்று சொல்லியிருப்பார். உண்மையில் கருநிரலைத் தொகுக்குங்கால் எங்கோ எவரோ ‘ஆம்’ என்று விடையளித்திருந்தார், அவ்வளவே.

இப்போது நிகழ்வது அதன் பெரும்பதிப்பு. 2025 அக்டோபர் 14ஆம் நாள் விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான இலவச ஆதரவு பொதுவில் முடிவுற்றது. விண்டோஸ் 11 ஏற்கும் இன்டெல் நுண்செயலிகள், மிகச் சிலவற்றைத் தவிர, எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிற்பட்டவையுமே. அதற்கு முற்பட்டவை கணக்குப் போட மறந்துவிடவில்லை. கூட்டுவதும் கழிப்பதும் நேற்றுப்போலவே செய்கின்றன. அவற்றுள் 64 பிட் கணினிகளுக்குத் தனியே எதையும் பொருத்தியமைக்கவும் வேண்டியதில்லை. ஆயத்தமாகக் கிடைக்கும் லினக்ஸ் கருநிரலே போதும். 32 பிட் கணினிகளுக்குத்தான் வழி குறுகி வருகிறது. 2025 ஆகஸ்டில் வெளிவந்த டெபியன் 13, 32 பிட் எக்ஸ்86 கணினிகளுக்கான ஆயத்தக் கருநிரலை நிறுத்திவிட்டது. மூலநிரலில் அக்கட்டமைப்பு இன்னும் இருக்கிறது. தானே தொகுக்கத் தெரிந்தவனுக்குக் கதவு திறந்திருக்கிறது, தெரியாதவனுக்கு அடைபட்டுவிட்டது. அந்தக் கதவும் என்றென்றும் திறந்திராது. லினக்ஸ் பிறந்ததே இன்டெல் 386 நுண்செயலியில். 2013இல் வந்த 3.8 பதிப்பு அந்த 386ஐயே விலக்கிவிட்டது.

தமிழ்ப்பள்ளிகளுக்குக் கணினிகளில் ஒரு பகுதி நன்கொடையாகவே வந்து சேர்கிறது. மாலை, பொன்னாடை, நாளேட்டில் படம். சில ஆண்டுகளில் அவை பண்டகசாலைக்குப் போகின்றன. மீண்டும் நன்கொடை, மீண்டும் படம். பெற்றோர் ஆசிரியர் சங்கம் அன்னதான விருந்து வைத்தும் அதிர்ஷ்டக் குலுக்குச் சீட்டு விற்றும் வெள்ளி வெள்ளியாகத் திரட்டுகிறது. அப்பணம் லோ யாட் பிளாசாவுக்குச் செல்லுமுன், பண்டகசாலையில் இருப்பவற்றுள் உண்மையில் இறந்தவை எவை, இறந்ததாக அறிவிக்கப்பட்டவை எவை என்று பிரித்துப் பார்க்க ஒருவர் வேண்டாமா? கிள்ளானிலாயினும் பிரிக்ஃபீல்ட்ஸிலாயினும் அந்த ஒருவரைத் தேடினால் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் அவர் தமிழில் பேசமாட்டார். (எல்லாப் பழங்கணினிகளையும் உயிர்ப்பிக்கலாம் என்பது வாதமன்று. நினைவகம் போதாதது இன்றைய இணையப் பக்கங்களைத் தாங்காது. தட்டெழுதவும் நிரல் பயிலவும் உதவும், அவ்வளவே.)

எதிர்வாதங்கள் தெரிந்தவையே. இதெல்லாம் வல்லுநர் வேலை, தொடக்கப்பள்ளிக்கு ஏன் என்பர் ஒரு சாரார். நான்காம் ஆண்டு முதல் வடிவமைப்பும் தொழில்நுட்பமும் என்னும் பாடம் இருக்கிறது. குறிமுறை எழுதக் கற்கும் பிள்ளைக்கு, அக்குறிமுறை எதன்மேல் ஓடுகிறது என்று சொல்லக்கூடாதா? பன்னிரண்டு வயதுப் பிள்ளை கருநிரலை எழுதவேண்டும் என்று எவரும் கேட்கவில்லை. ‘இந்தக் கணினியின் நுண்செயலி யாது? அதற்கு எது தேவை, எது தேவையில்லை?’ என்னும் வினாக்களை அப்பிள்ளை கேட்கப் பழகினால் போதும். மிதிவண்டியின் சங்கிலியைக் கழற்றி மாட்டுவதற்கு எவரும் பொறியியல் பட்டம் கேட்பதில்லை.

அறிவியலுக்கு ஆங்கிலம்தான் என்பர் மற்றொரு சாரார். இவர்களுடைய வாதமே 2003இல் அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்துக்கு மாற்றியது. 2012 முதல் அத்திட்டம் படிப்படியாகக் கைவிடப்பட்டது. 2016இல் இருமொழித் திட்டம் என்னும் பெயரில் அது பின்வாசல் வழியே மீண்டும் வந்தது. கட்டளைகள் ஆங்கில எழுத்தில் இருப்பதால் விளக்கமும் ஆங்கிலத்தில்தான் இருக்கவேண்டும் என்பது விந்தையான தருக்கம். கருநாடக இசையின் கீர்த்தனைகளுள் பல தெலுங்கில் உள்ளன. அதற்காகத் தமிழாசிரியர் தெலுங்கிலா பாடம் நடத்துகிறார்?

இவ்விரு சாராரும் லினக்ஸ் எங்கே பிறந்தது என்பதை எண்ணிப் பார்ப்பது நன்று. 1991ஆம் ஆண்டில் அதனைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அப்போது ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தின் 21 வயது மாணவர். பின்லாந்தில் ஸ்வீடிய மொழி பேசுவோர் நூற்றுக்கு ஏறத்தாழ ஐவர். டோர்வால்ட்ஸ் அச்சிறுபான்மையில் பிறந்தவர். மலேசியாவில் இந்தியர் நூற்றுக்கு ஏறத்தாழ எழுவர். சிறுபான்மை மொழியை வீட்டு மொழியாகக் கொண்ட ஒருவரின் நிரல்தான் இன்று ஆண்ட்ராய்டு கைப்பேசி ஒவ்வொன்றின் கருவிலும் உறைகிறது. தொடக்கத்தில் அதுவும் ஒரே நுண்செயலிக்கென எழுதப்பட்டதே. வேறு கணினிக்கு எடுத்துச்செல்ல இயலாதது என்று அவரே அன்று அறிவித்தார். 1995 மார்ச்சில் வந்த 1.2 பதிப்பு ஆல்ஃபா, ஸ்பார்க், மிப்ஸ் ஆகிய கட்டமைப்புகளிலும் ஓடியது.

ஒரு நுண்செயலிக்காக ஓர் இயங்குதளத்தையே திருப்பிக் கட்டுதற்குப் பெரும்படை வேண்டும் என்று எண்ணவும் வேண்டா. 2012இல் முதல் ராஸ்பெர்ரி பை வந்தபோது, அதிலிருந்த ஆர்ம் நுண்செயலி டெபியன் எதிர்பார்த்ததைவிட ஒரு தலைமுறை பழையது. மிதவைப் புள்ளிக் கணக்குக்கான வன்பொருள் அதில் இருந்தும், அதனை முழுமையாகப் பயன்படுத்தும் டெபியன் பதிப்பு அதற்குப் பொருந்தவில்லை. தன்னார்வலர் இருவர் முன்னின்று ஆயிரக்கணக்கான மென்பொருள் தொகுதிகளை அந்நுண்செயலிக்கென மீண்டும் தொகுத்தனர். ராஸ்பியன் என்னும் பெயர் பெற்ற அதனைக் கொண்டு உலகெங்கும் பிள்ளைகள் கணினி கற்றனர்.

நாடு என்ன செய்கிறது என்பதும் கவனிக்கத் தக்கது. 2025 மார்ச் மாதத்தில் மலேசிய அரசு ஆர்ம் நிறுவனத்தோடு ஓர் உடன்பாடு செய்துகொண்டது. பத்தாண்டுகளில் 25 கோடி அமெரிக்க டாலர் செலுத்தி நுண்செயலி வடிவமைப்புகளைப் பெறுவதும், 10,000 பொறியாளர்களைப் பயிற்றுவிப்பதும் அதன் கூறுகள். அந்தப் பதினாயிரவருள் தமிழ்ப்பள்ளியில் எழுத்தறிந்தோர் எத்தனை பேர் இருப்பர்? இன்றைய போக்கு நீடித்தால், விழா மேடைக்கு ஒலிபெருக்கி கட்டும் அளவுக்கே இருப்பர். உடன்பாட்டைக் குறை கூறுவதால் பயனில்லை. வரிசையில் நிற்காதவனுக்குப் பந்தியில் இலை போடவில்லை என்று பின்னர் அறிக்கை விடுவதே தமிழ் அமைப்புகளின் நெடுநாள் வழக்கம்.

சென்னையைக் காட்டி ஆறுதல் கொள்ளவும் இடமில்லை. அங்குள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகம் ரிஸ்க்-ஃபைவ் கட்டமைப்பில் ‘சக்தி’ என்னும் நுண்செயலிக் குடும்பத்தை வடித்தது. 2018இல் அவ்வழிச் சில்லொன்றில் லினக்ஸ் எழும்பியது. பேராசிரியர் காமகோடியின் குழுவினர் செய்த அருஞ்செயல் அது. ரிஸ்க்-ஃபைவுக்கு உரிமத்தொகை கட்டவேண்டியதில்லை. அதன் கட்டளைத் தொகுதி எவர்க்கும் பொது. எனினும் சக்தியின் கையேடுகளும் ஆங்கிலத்திலேயே உள்ளன. தமிழ்நிலத்தில் பிறந்து தமிழர் நாவில் வழங்கும் பெயரையே சூடிய நுண்செயலியைத் தமிழில் கற்க வழியில்லை என்பது அவர்களுக்கு மட்டும் உரிய குறையன்று. அக்கையேட்டைத் தமிழில் தருமாறு கேட்டவர் எவர்?

கேட்க வேண்டியோருள் தமிழாசிரியர் முதல்வர். கட்டுரைப் போட்டிக்கும் கவிதைப் போட்டிக்கும் பரிசளிக்கும் சங்கங்கள், கருநிரலைப் பொருத்தியமைக்கும் முறையைத் தமிழில் விளக்கும் நூறு பக்கக் கையேட்டுக்கு ஒருமுறையேனும் பரிசு அறிவிக்கலாம். கலைச்சொல்லுக்குக் காத்திருக்க வேண்டா. சொல் பிறந்த பின் பொருளைக் கற்றவர் எவருமிலர். பயிற்சிக்குப் பழைய கணினி ஒன்றும், தொகுத்துத் தருவதற்குச் சற்று விரைவான கணினி ஒன்றும் போதும். அந்நேரத்தில் பழங்கணினியில் இயங்கிக்கொண்டிருக்கும் கூறுகளை மட்டும் நிறுத்தி, ஏனையவற்றைத் தானே கழித்துவிடும் கட்டளையும் லினக்ஸில் உண்டு. தொகுக்க வேண்டிய கூறுகள் அவ்வழியே பெரிதும் குறையும்.

‘பிள்ளைகள் கெடுத்துவிட்டால்?’ என்று அஞ்சும் ஆசிரியர்க்கும் விடை உண்டு. புதிய கருநிரலை நிறுவும்போது பழையதை அழிப்பதில்லை; இரண்டும் வட்டில் அருகருகே இருக்கும். புதியது எழும்பாவிடில் கணினியை அணைத்து மீண்டும் இயக்கி, தொடக்கப் பட்டியலில் பழையதைத் தேர்ந்தெடுத்தால் கணினி முன்போல் எழும். எந்த விடை பிழைத்தது என்று பிள்ளைகள் பட்டியலைத் திரும்பப் பார்த்து மறுபடி தொகுக்கலாம். ஒரு தொகுப்புக்குப் பழங்கணினியில் பல மணி நேரம் ஆகலாம். விரைவான கணினியில் ஒரு மணி நேரத்துக்குள் முடியும். தமிழ்ப்பள்ளிகளின் கணினி அறைகளோ சனிக்கிழமை பிற்பகலில் பூட்டியே கிடக்கின்றன. அவற்றின் சாவிகள் அமைச்சகத்தில் இல்லை. தலைமையாசிரியர்களின் மேசை இழுப்பறைகளில் இருக்கின்றன.