விஞ்ஞானத் திண்ணை: உலோகச் சாரல்

ஆனி, ஆடி மாதங்களில் தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடையே வீசும் சாரலின் சுகத்தை நேயர்களுக்கு எடுத்துரைக்கவும் வேண்டுமோ? நுண்ணிய நீர்த்துளிகள் காற்றிலேறி வந்து முகத்தில் படிகின்றன. அவ்விதமே தாமிரத்தையும் அலுமினியத்தையும் வாயுவில் ஏற்றி, மற்றோர் உலோகத்தின்மேல் படியச் செய்யும் முறை ஒன்று உண்டு. அதற்குக் 'குளிர் தெளிப்பு' என்று பெயர்.

1980-களில் ஸோவியத் நாட்டின் நோவோஸிபிர்ஸ்க் நகரில் பாப்பிரின் முதலிய விஞ்ஞானிகள், தூள் கலந்த வாயுவை அதிவேகமாய்ச் செலுத்திச் சோதித்து வந்தனர். வேகம் குறைவாயிருந்தபோது துகள்கள் எதிர்ப்பட்ட பொருளை அரித்தன. ஓர் எல்லையைத் தாண்டியதும் அரிப்பதை விடுத்து ஒட்டிக்கொண்டன! 'குளிர்' என்பதற்கு இங்கே உலோகம் உருகுவதில்லை என்பதே பொருள். நைட்ரஜனையோ ஹீலியத்தையோ சூடாக்கி, நடுவில் குறுகிப் பின் விரியும் குழல் வழியே விடுவார்கள். அதில் சேர்ந்த துகள்கள் விநாடிக்கு 300 முதல் 1,200 மீட்டர் வரை வேகங்கொள்ளும்.

பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் நவச்சாரம் தூவுவது எதற்காக? பிராணவாயு சேர்ந்து உலோகத்தின்மேல் படிந்துள்ள மெல்லிய ஏட்டை நீக்கினாலன்றி ஈயம் பற்றாது. குளிர் தெளிப்பிலோ நவச்சாரம் கிடையாது. மோதலின் வேகமே அவ்வேட்டை உடைத்து, உலோகத்தை உலோகத்தோடு பிணைக்க வேண்டும். ஆகவே தூளின் தரமே இங்கு பிரதானமாகிறது.

தூளின் பருமன் பெரும்பாலும் 5 முதல் 50 மைக்ரான் வரை இருக்கும். மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கே மைக்ரான். துகள் மிகப் பெரிதாயின் வேண்டிய வேகத்தை எட்டாமல் தெறித்துவிடும். மிகச் சிறிதாயின், பரப்பின் முன்னே திரளும் வாயு அதனைத் தடுத்து ஒதுக்கிவிடும். மற்றொரு தீங்கும் உண்டு. 50 மைக்ரான் உருண்டை ஒன்றை 5 மைக்ரான் உருண்டைகளாக்கினால் 1,000 கிடைக்கும்; அவற்றின் மொத்தப் பரப்பு பத்து மடங்காகும். பிராணவாயு பற்றும் இடமும் பத்து மடங்கன்றோ? வீட்டுப் பிள்ளைகளைக் கணக்கிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஈரமும் பகையே. சாரற்காலத்தில் அடுக்களை உப்பு கட்டிப்படுவது போல, ஈரம் பட்ட உலோகத்தூள் திரண்டு ஒழுங்காய்ப் பாயாது. ஆதலால் தூளைக் காற்றுப் புகாத கலங்களில் உலர்வாக வைக்கிறார்கள்.

இவ்வளவு கவலை ஏனெனில், தேய்ந்தும் அரித்தும் போன ஹெலிகாப்டர் உறுப்புக்களைப் பழுதுபார்க்கவும் இம்முறை பயன்படுகிறது. மட்டமான தூளால் ஆன பூச்சு வெளியே பளபளக்கலாம். உள்ளே நுண்துளைகளும் பலவீனமான இணைப்புக்களும் ஒளிந்திருக்கும். கண்ணை ஏமாற்றிவிடலாம், பறக்கும் யந்திரத்தின் அதிர்ச்சியை ஏமாற்ற முடியாது.

நம் தேசத்தில் ஹைதராபாத்திலுள்ள தூள் உலோகவியல் ஆராய்ச்சி நிலையத்தில் இத்துறை ஆராயப்பட்டு வருவது மகிழ்ச்சிக்குரியது. யந்திரத்தைப் பணங்கொடுத்துத் தருவித்துவிடலாம். அதற்கு இடும் தூளை இங்கேயே செய்து, சலித்து, சோதித்து, தேறாததைத் தயங்காமல் ஒதுக்கும் பழக்கத்தை எந்தக் கப்பலும் கொண்டுவராது. நம்முடையது என்பதற்காகக் குறையைப் பொறுத்துக்கொள்வது சுதேசியமன்று. நம்முடையது என்றால் குறையிராது என உலகம் நம்பும்படி செய்வதே சுதேசியம்.