வாடகை வீடுகளும் வாய்மூடி நிற்கும் சட்டமும்

கொழும்பிலே தமிழ்ப் பத்திரிகை ஒன்றின் ஆசிரியபீடத்தில் சில வருடங்கள் பணிபுரிந்த எவருக்கும் ஒரு விடயம் தெரிந்திருக்கும். அரசியலைப் பற்றி எழுதப்படும் வாசகர் கடிதங்களுக்குச் சளைக்காத எண்ணிக்கையில் வீட்டுக்காரரைப் பற்றிய கடிதங்களும் வந்துகொண்டிருக்கும். அவற்றில் பெரும்பாலானவை பிரசுரமாவதில்லை. வீட்டு உரிமையாளரின் பெயர், விலாசம், அவருடைய சாதி சமயம், பிள்ளைகள் எந்த நாட்டில் இருக்கிறார்கள் என்பது வரை எழுதியிருப்பார்கள். பிரசுரித்தால் அடுத்த வாரமே சட்டத்தரணியின் கடிதம் வந்து சேரும். ஆகவே அவை கோவைகளுக்குள் போய்விடும். ஆனால் கோவைக்குள் போனதனால் அந்தப் பிரச்சினை தீர்ந்துவிடுவதில்லை.

அண்மையில் என்னிடம் சொல்லப்பட்ட ஒரு முறைப்பாடு இது. வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஓர் ஒழுங்கையில் தொடர்மாடி ஒன்றின் மூன்றாவது மாடி. மேல்வீட்டுக் குளியலறையிலிருந்து நீர் கசிந்து படுக்கையறை முகட்டில் கறுப்பாகப் பூஞ்சணம் படர்ந்திருக்கிறது. வீட்டில் இழுப்பு வருத்தம் உள்ள ஒரு சிறுபிள்ளை. வீட்டின் சொந்தக்காரர் கனடாவில். மேல்வீட்டின் சொந்தக்காரர் நோர்வேயில். வாடகையை மாதாமாதம் வந்து வாங்கிச் செல்பவர் சொந்தக்காரரின் மைத்துனர். அவரிடம், "அண்ணை, ஒருக்கா வந்து பாருங்கோ" என்று எட்டு மாதங்களாகச் சொல்லியும் பயனில்லை. ஒன்பதாவது மாதம் கிடைத்த பதில்: "தம்பி, உங்களுக்குச் சரிவராட்டி விடுங்கோ. வேற ஆக்கள் கேட்டுக்கொண்டிருக்கினம்."

இந்தப் பதிலில் பொய் எதுவுமில்லை. வேறு ஆட்கள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். கொழும்பின் வாடகைப் பிரச்சினை முழுவதும் இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கியிருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பவர்களுக்கு ஒரு சிறிய வரலாறு சொல்ல வேண்டும். யுத்தகாலப் பற்றாக்குறையின்போது 1942இல் முதலாவது வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. 1948இல் இன்னொன்று. அதன் பின்னர் ஐக்கிய முன்னணி அரசாங்கம் கொண்டுவந்த 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம்தான் இன்றுவரை எல்லோரும் பேசுவது. மறு வருடமே, பீற்றர் கெனமன் வீடமைப்பு அமைச்சராக இருந்தபோது, வீட்டு ஆதன உச்சவரம்புச் சட்டமும் நிறைவேறியது. ஒரு குடும்பம் வைத்திருக்கக்கூடிய வீடுகளின் எண்ணிக்கைக்கு எல்லை போடப்பட்டது. மேலதிகமானவற்றை அங்கே குடியிருந்தவர்களே வாங்குவதற்கு வழி பிறந்தது. சாமானிய மக்களில் பலர் கொழும்பில் சொந்த வீடு கண்டது இந்தச் சட்டத்தினால்தான் என்பதை மறுப்பவன் நானல்ல.

ஆனால் 1972ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டுக்கு என்ன செய்தது என்பதைப் பார்க்க விரும்புபவர்கள் கொட்டாஞ்சேனைக்கோ, ஆட்டுப்பட்டித் தெருவுக்கோ, ஜிந்துப்பிட்டிக்கோ போய்வரலாம். மாநகர சபையின் பழைய ஆண்டு மதிப்பீட்டை அடிப்படையாகக் கொண்ட வாடகை. அதற்கு மேல் கேட்க முடியாது. மாத வாடகை நூறு ரூபாவுக்கு உட்பட்ட வீடுகளில் குடியிருப்பவரை எழுப்புவது மிகவும் கடினம். அவர் இறந்தால் வாடகை உரிமை குடும்பத்தாருக்குச் செல்லும். வீட்டுக்காரர் கோபித்துக்கொண்டு வாடகையை வாங்க மறுத்தால் அதை உள்ளூராட்சி மன்றத்தில் செலுத்திப் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்தலாம். ஒரு கோப்பை தேநீரின் விலைகூட இல்லாத தொகையை மாத வாடகையாகக் கட்டும் குடும்பங்கள் இன்றும் உண்டு. அந்த வருமானத்தில் எந்தச் சொந்தக்காரர் கூரையை மாற்றுவார்? வாடகைச் சபைக்குச் சென்று திருத்தவேலைக்கு விண்ணப்பிக்கும் வசதி குடியிருப்பவருக்கு இருக்கத்தான் செய்கிறது. எனினும் நடப்பதென்ன? கூரை விழுந்தால் அவர் தானாகவே வெளியேறுவார் என்று சொந்தக்காரர் காத்திருக்கிறார். தனக்கு உறுதி இல்லாத வீட்டில் ஏன் பணம் போட வேண்டும் என்று குடியிருப்பவரும் காத்திருக்கிறார். இரண்டு தலைமுறையாக இருவரும் காத்திருந்ததில் மழைநீர் மட்டும் காத்திருக்கவில்லை. ஓடு சரிந்து, தீராந்தி உக்கி, சுவரில் ஆலங்கன்று முளைத்த எத்தனை வீடுகளை நீதிமன்றச் செய்திகளுக்காகப் போய்ப் பார்த்திருக்கிறேன்!

பின்னர் 1977ஆம் ஆண்டு முதல் வந்த திருத்தங்களும், குறிப்பாக 2002ஆம் ஆண்டின் 26ஆம் இலக்கத் திருத்தச் சட்டமும், புதிய வாடகைகளில் பெரும்பகுதியை இந்தப் பாதுகாப்புக்கு வெளியே கொண்டுபோய்விட்டன. ஆகவே இன்று கொழும்பில் இரண்டு விதமான வாடகைக் குடியிருப்பாளர்கள் இருக்கிறார்கள். ஒருவரை எழுப்ப முடியாது. மற்றவரை எப்போதும் எழுப்பலாம். இருவருடைய கூரையும் ஒழுகுகிறது என்பதுதான் இதிலுள்ள வேடிக்கை.

வெள்ளவத்தை, தெஹிவளை, பம்பலப்பிட்டி பகுதிகளில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களில் மிகப் பெரும்பான்மையினர் இரண்டாவது வகையினர். 1840ஆம் ஆண்டின் மோசடித் தடைக் கட்டளைச் சட்டம் என்று ஒன்று இன்னமும் நடைமுறையில் இருக்கிறது. ஒரு மாதத்திற்கு மேற்பட்ட குத்தகை செல்லுபடியாக வேண்டுமானால் அது நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட வேண்டும் என்கிறது அது. எழுதாவிட்டால் மாதாந்த வாடகைதான். எழுதினால் முத்திரைச் செலவு, நொத்தாரிசு கட்டணம். அதற்கு முன்னர் தரகருக்கு ஒரு மாத வாடகை, சொந்தக்காரருக்கு ஆறு மாதமோ ஒரு வருடமோ முற்பணம். யாழ்ப்பாணத்திலிருந்தோ வவுனியாவிலிருந்தோ பிள்ளையின் படிப்புக்காக வந்த ஒருவர் அடைவு வைத்த நகையின் பெறுமதி அதிலேயே முடிந்துவிடும்.

இந்த ஒப்பந்தங்களில் பலவற்றை நான் வாசித்துப் பார்த்திருக்கிறேன். ஆணி அடிக்கக் கூடாது. மாமிசம் சமைக்கக் கூடாது. விருந்தினர் தங்கக் கூடாது. வெளியேறும்போது சுவருக்கு வர்ணம் பூசிக் கொடுக்க வேண்டும். குடியிருப்பவருக்கு இருபது கட்டளைகள். சொந்தக்காரருக்கு ஒன்றுகூட இல்லை. நீர்த்தாங்கி வெடித்தால் யார் பொறுப்பு, முகட்டுப் பூச்சு உதிர்ந்தால் எத்தனை நாளில் திருத்த வேண்டும் என்று ஒரு வரியைத் தேடினாலும் கிடைக்காது. வீட்டைப் பாவனைக்கு உகந்த நிலையில் வைத்திருப்பது சொந்தக்காரரின் கடமை என்பது எங்களுடைய உரோம-டச்சுச் சட்டத்தின் பொதுவான நிலைப்பாடு. ஆனால் அதை நிலைநாட்ட மாவட்ட நீதிமன்றத்திற்குப் போக வேண்டும். வழக்கு முடியுமுன் ஒப்பந்தம் முடிந்துவிடும். "திருத்தும் வரை வாடகை தரமாட்டேன்" என்று சொன்னாலோ, வாடகை நிலுவை என்ற குற்றச்சாட்டுடன் வழக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து வரும். பொலிஸுக்குப் போனால் இது சிவில் பிரச்சினை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

இந்நிலையில் 2023இல் புதிதாக ஒரு சட்டம் வந்தது. குத்தகைக்குக் கொடுத்த வளவுகளின் உடைமையை மீளப்பெறுவதற்கான 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம். குத்தகைக் காலம் முடிந்தும் வெளியேறாதவர்களைத் துரிதமான நடைமுறை ஒன்றின் மூலம் வெளியேற்றுவது அதன் நோக்கம். இதை முற்றாக எதிர்ப்பவர்களுடன் எனக்கு உடன்பாடு கிடையாது. ஓய்வூதியமும் ஒரு வீட்டு வாடகையும் தவிர வேறு வருமானமில்லாத முதியவர்கள், தங்கள் வீட்டைத் திரும்பப் பெற பத்து வருடம் புதுக்கடை நீதிமன்றப் படிக்கட்டுகளில் ஏறி இறங்கியதை நான் கண்டிருக்கிறேன். அவர்களுக்கு நீதி விரைவாகக் கிடைக்க வேண்டும். என் கேள்வி வேறு. வீட்டைத் திரும்பப் பெறுவதற்கு விரைவு வழி அமைக்கத் தெரிந்த சட்டமன்றத்துக்கு, வீட்டைத் திருத்துவிப்பதற்கு ஒரு விரைவு வழி அமைக்க ஏன் தோன்றவில்லை?

டெங்கு விடயத்தில் இந்தப் பாரபட்சம் இன்னும் அப்பட்டமாகத் தெரியும். 2017இல் இலங்கையில் ஒரு இலட்சத்து எண்பத்தாறாயிரத்துக்கும் அதிகமானோர் டெங்குக் காய்ச்சலுக்கு ஆளானார்கள். கொழும்பு மாவட்டம் மிக மோசமாகப் பாதிக்கப்பட்டது. நுளம்பு பெருகுவதைத் தடுக்கும் 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் சொந்தக்காரரையும் குடியிருப்பவரையும் பொறுப்பாக்குகிறது. ஆனால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கதவைத் தட்டும்போது உள்ளே இருப்பவர் யார்? ஸ்காபரோவில் இருப்பவர் வந்து கதவைத் திறக்கப் போவதில்லை. உடைந்த பீலியைத் திருத்தும்படி பலமுறை கேட்டவரே, அந்தப் பீலியில் நுளம்புக் குடம்பி இருந்ததற்காக நீதிமன்றத்தில் போய் நிற்கிறார்.

எங்களுடைய ஆட்கள் ஏன் வாய் திறப்பதில்லை என்று புலம்பெயர்ந்த நண்பர்கள் கேட்பதுண்டு. அதற்கு வரலாற்றுக் காரணம் இருக்கிறது. யுத்த காலத்தில் கொழும்பில் ஒரு தமிழருக்கு அறை கிடைப்பதே வீட்டுக்காரரின் தயவில்தான் தங்கியிருந்தது. பொலிஸ் பதிவுப் படிவத்தில் கையொப்பமிட வேண்டியவர் அவர். இரவில் சோதனைக்கு வரும்போது "இவர் எங்கள் வீட்டில் இருக்கிறவர்" என்று சொல்ல வேண்டியவரும் அவரே. 2007 ஜூன் 7ஆம் திகதி அதிகாலையில் லொட்ஜுகளில் தங்கியிருந்த 370இற்கும் மேற்பட்ட தமிழர்கள் பஸ்களில் ஏற்றப்பட்டு வவுனியா உள்ளிட்ட இடங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் உயர் நீதிமன்றத்துக்குச் சென்று மறுநாளே இடைக்காலத் தடை பெற்றது. அப்போதைய பிரதமர் இரத்தினசிறி விக்கிரமநாயக்க பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார். அந்த நாட்களில் மலகூடத்தின் கதவு பூட்டுவதில்லை என்று யார்தான் முறையிடுவார்கள்? தலைக்கு மேல் ஒரு கூரை இருந்தால் போதும் என்ற அந்த மனநிலை, அவசரகாலச் சட்டம் 2011இல் காலாவதியான பின்னரும் எங்களை விட்டுப் போகவில்லை. இந்தப் பழக்கத்தின் இலாபத்தை இன்று அனுபவிப்பவர்கள் பெரும்பாலும் தமிழ் வீட்டுக்காரர்களே என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

வெள்ளவத்தையின் ஒழுங்கைகளில் ஒருகாலத்தில் முற்றமும் மாமரமுமாக இருந்த வீடுகள் இடிக்கப்பட்டு, அந்த இடங்களில் தொடர்மாடிகள் எழுந்தன. அவற்றை வாங்கியவர்களில் கணிசமானவர்கள் லண்டனிலும் ரொறொன்ரோவிலும் சூரிச்சிலும் உழைத்த எங்களுடைய உறவினர்கள். அதில் தவறில்லை. அந்தப் பணம் வியர்வை சிந்திச் சம்பாதித்த பணம். ஆனால் வாங்கியவுடன் ஊரிலுள்ள ஒருவருக்கு அற்றோணித் தத்துவம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். தொடர்மாடியின் முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்தில் அங்கத்தவர் உரிமையாளரே. அங்கு குடியிருப்பவருக்கு வாக்கு இல்லை. உரிமையாளர்கள் நாட்டில் இல்லாத கட்டடத்தில் யார் கூட்டம் கூடுவது, யார் மின்தூக்கியைத் திருத்துவது?

இதே நண்பர்கள் வாழும் நாடுகளில் என்ன நடக்கிறது? ஒன்ராறியோ மாகாணத்தின் 2006ஆம் ஆண்டு வாடகைக் குடியிருப்புச் சட்டத்தின்படி, குறைபாடு இருப்பதை அறிந்தே ஒருவர் குடிவந்தாலும் அதைத் திருத்துவது வீட்டுக்காரரின் பொறுப்பு. இங்கிலாந்தில் வாடகை முற்பணத்தை வீட்டுக்காரர் தன் விருப்பப்படி வைத்திருக்க முடியாது. 2007 முதல் அங்கீகரிக்கப்பட்ட திட்டம் ஒன்றின் பாதுகாப்பில் அது இருக்க வேண்டும். அங்கே ரொச்டேல் நகரில் இரண்டு வயதுக் குழந்தை அவாப் இஷாக் 2020 டிசெம்பரில் இறந்தான். வீட்டுச் சுவர்களிலிருந்த பூஞ்சணத்தை நீண்டகாலம் சுவாசித்ததே காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். பெற்றோர் பல தடவைகள் முறையிட்டிருந்தார்கள். அந்தக் குழந்தையின் பெயரிலேயே சட்டம் வந்தது. ஈரக்கசிவையும் பூஞ்சணத்தையும் குறித்த காலத்துக்குள் ஆராய்ந்து திருத்த வேண்டிய கடமை 2025 ஒக்டோபர் 27 முதல் சமூக வீடமைப்பு நிறுவனங்களுக்கு நடைமுறைக்கு வந்துள்ளது. அந்த நாட்டிலும் எல்லாம் சரியாக நடக்கிறது என்று சொல்ல வரவில்லை. ஒரு குழந்தை இறந்த பின்னர்தான் அங்கும் கண் திறந்தது. ஆயினும் திறந்தது.

தங்கள் லண்டன் வீட்டின் கொதிகலன் பழுதானால் மறுநாளே ஆள் அனுப்புகின்ற ஒரு தமிழர், வெள்ளவத்தையில் உள்ள தமது வீட்டின் முகடு ஒழுகுகிறது என்ற செய்தியை எட்டு மாதம் கேட்டும் கேளாதிருப்பது எப்படி? அங்கே சட்டம் இருக்கிறது, இங்கே மைத்துனர் இருக்கிறார் என்பதைத் தவிர வேறு விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

பழைய வாடகைச் சட்டத்தைப் புதுப்பிப்பது பற்றிய பேச்சு அவ்வப்போது எழுகிறது. அப்படி ஒரு சட்டம் வருமானால் வாடகைத் தொகையையும் வெளியேற்றத்தையும் மட்டும் பேசாமல் வீட்டின் நிலையையும் அது பேச வேண்டும். குடிவரும் நாளில் இருதரப்பும் கையொப்பமிடும் நிலைமைப் பட்டியல் ஒன்று ஒப்பந்தத்துடன் இணைக்கப்பட வேண்டும். முற்பணம் இன்னொருவர் பொறுப்பில் இருக்க வேண்டும். அவசரத் திருத்தங்களுக்கு நாட்கணக்கு வேண்டும். தவறினால் குடியிருப்பவரே திருத்திவிட்டு வாடகையில் கழித்துக்கொள்ளும் உரிமை தெளிவாக எழுதப்பட வேண்டும். பாராளுமன்றம் இதைச் செய்யும்வரை ஒப்பந்தத்தில் எழுதுவதை எவரும் தடுக்கவில்லை.

வெளிநாட்டிலிருக்கும் வீட்டுக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். நீங்கள் எழுதிக் கொடுக்கும் அற்றோணித் தத்துவத்தில் வாடகையை அறவிடவும், குடியிருப்பவரை வெளியேற்றவும், வழக்குத் தொடரவும் அதிகாரம் கொடுத்திருப்பீர்கள். அதனுடன், திருத்தவேலைகளைச் செய்விக்கவும் அதற்கென வருடத்தில் ஒரு மாத வாடகையை ஒதுக்கி வைக்கவும் என்று ஒரு வரியைச் சேர்த்துவிடுங்கள். நொத்தாரிசு அந்த ஒரு வரிக்காக மேலதிகக் கட்டணம் கேட்க மாட்டார்.