லூபஸ் நோயாளிக்கு எக்கோ எப்போது?

லூபஸ் என்றதும் முகத்தில் தோன்றும் செந்தடிப்பும் மூட்டுவலியுமே நம் நினைவுக்கு வருகின்றன. சிறுநீரகத்தையும் அது தாக்கும் என்பதைப் பலர் அறிவர். இதயத்தை மட்டும் நாம் மறந்துவிடுகிறோம்.

இந்நோய்க்கு ஆளாவோரில் 10 பேருக்கு 9 பேர் பெண்கள்; பெரும்பாலோர் இளவயதினர். பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் தெருக்களில் இந்த வயதுப் பெண்கள் வீட்டு வேலையோடு தறி வேலையும் பார்க்கின்றனர். மூச்சு வாங்கினால் ‘களைப்பு’ என்றும், நெஞ்சு வலித்தால் ‘வாயு’ என்றும் ஒதுக்கிவிடுகின்றனர். இருபத்தைந்து வயதில் இதய நோயா என்ற எண்ணமே தாமதத்திற்குக் காரணமாகிறது.

லூபஸ் காரணமாக இதய உறையில் அழற்சி ஏற்பட்டு நீர் சேரலாம். இதயத் தசை வலுவிழக்கலாம். நுரையீரல் தமனியில் அழுத்தம் கூடலாம். வால்வுகளில் சிறு முண்டுகள் தோன்றுவதை லிப்மன், சாக்ஸ் என்னும் நியூயார்க் மருத்துவர்கள் 1924-லேயே விவரித்தனர். இவற்றில் பல தொடக்கத்தில் அறிகுறி காட்டுவதில்லை. கதிர்வீச்சோ ஊசியோ இன்றி, ஒலியலைகளைக் கொண்டே இவற்றைக் கண்டறிய உதவுவது எக்கோ.

ஆகவே, லூபஸ் உறுதியானவுடன் ஓர் எக்கோ எடுத்துவைப்பதே நன்று என்பது எங்கள் கருத்து. அறிகுறி இல்லாதவருக்கு இது வீண்செலவு என்பர் சிலர். ஆனால் பின்னாளில் மாற்றம் நேர்ந்தால், ஒப்பிட்டுப் பார்க்க முதல் அறிக்கை ஒன்று வேண்டும். ஆண்டுதோறும் அனைவருக்கும் எடுக்க வேண்டும் என்று நாங்கள் கூறவில்லை. அடுத்தது எப்போது என்பதை மருத்துவர் முடிவு செய்வார்.

அறிக்கையில் ‘இ.எஃப். 60 விழுக்காடு’ என்று கண்டதும் மன நிறைவு கொள்கிறோம். இதயம் ஒரு துடிப்பில் வெளியேற்றும் இரத்தத்தின் பங்கை மட்டுமே அந்த எண் கூறுகிறது. உறையில் நீர் உள்ளதா, வால்வு கசிகிறதா, நுரையீரல் அழுத்தம் எவ்வளவு என்பவற்றையும் கேளுங்கள். இதயத் தமனி அடைப்பை எக்கோ நேரடியாகக் காட்டாது என்பதால், இரத்த அழுத்தமும் கொழுப்பும் கட்டுக்குள் இருத்தல் வேண்டும். அறிக்கை நன்றாயிருப்பினும், ஹைட்ராக்சிகுளோரோகுயின் முதலிய மாத்திரைகளைத் தாமாக நிறுத்தலாகாது.

சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைகளுக்குச் செல்வோர் பழைய அறிக்கைகளைத் தவறாமல் எடுத்துச் செல்லுங்கள். படுத்தால் மூச்சுமுட்டல், மூச்சிழுக்கையில் நெஞ்சுவலி, கால்வீக்கம் ஆகியவை தோன்றினால் அடுத்த சந்திப்பு நாள் வரை காத்திராதீர்கள். அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள்.